இரண்டாம் நம்பர் மோட்டாரின் தேக சௌக்கியம்

எங்கள் சிபெம்பே ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் இரண்டு மோட்டார்கள் இருந்தன. மாகாணத் தலைநகரில் இருக்கும் முன்தடுப்புப் பராமரிப்பு இயக்குநரகத்தின் பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. கெர்ஷம் கபாசோ அங்கே மோட்டார் காப்பாளராக வேலைக்குச் சேர்ந்த அன்று, பழைய காப்பாளர் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார். ‘பொறுப்பில் பெற்றுக்கொண்ட மோட்டார்கள்: இரண்டு, நல்ல நிலையில்’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மதியத்துக்குள் பஸ் ஏறி ஊரைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு ஏன் அத்தனை அவசரம் என்று கபாசோவுக்கு விளங்க அரை மணி நேரம் ஆயிற்று.

உள்ளே ஒன்றாம் நம்பர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நம்பருக்கான காங்கிரீட் மேடையில் நான்கு போல்ட்டுகள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

வாட்ச்மேன் லாபானிடம் விசாரித்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மோட்டாரைக் காயில் கட்டுவதற்காக லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றும், காயில் கட்டும் பட்டறையை மூடிவிட்டார்கள் என்றும், அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை என்றும் லாபான் சொன்னார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதல் வாரமே கபாசோ இயக்குநரகத்துக்குக் கடிதம் எழுதினார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. கடிதம் உரிய படிவத்தில் இல்லை என்று சொல்லி, உரிய படிவத்தையும் இணைத்திருந்தார்கள். ‘காணப்படாத உடைமை பற்றிய அறிவிப்பு’ என்று அதற்குப் பெயர். முதல் கேள்வியே மோட்டாரின் உடலில் உள்ள தகட்டைப் பார்த்து அதன் தொடர் எண்ணை விண்ணப்பதாரர் தன் கைப்பட எழுத வேண்டும் என்பது. தகடு மோட்டாரோடு போய்விட்டது என்று கபாசோ எழுதினார். அப்படியானால் காணாமல்போனது இரண்டாம் நம்பர்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். கீழே இன்னொரு வரியும் இருந்தது. நீங்கள் இரண்டு மோட்டார்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள், இன்று ஒன்று இல்லையென்றால் அது உங்கள் காலத்தில் தொலைந்ததாகிறது, விண்ணப்பத்தைத் தொடர விரும்புகிறீர்களா என்று.

கபாசோவுக்கு மனைவியும் மூன்று பெண்களும் உண்டு. குடிநீர் வாரியம் கொடுத்த இரண்டு அறை வீடும், வீட்டுக்குள்ளேயே குழாயும் உண்டு. அவர் தொடர விரும்பவில்லை.

அதற்கப்புறம் திங்கள்கிழமைகள் வரத் தொடங்கின. மாதத்தின் முதல் திங்கள் இரண்டாம் நம்பர் மோட்டாரின் பேரிங்குகளுக்கு கிரீஸ் வைக்க வேண்டும். இரண்டாம் திங்கள் தூசி துடைக்க வேண்டும். மூன்றாம் திங்கள் காயிலின் மின்காப்பை அளக்க வேண்டும். நான்காம் திங்கள் சூடும் அதிர்வும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திங்களுக்கும் ஒரு நிறத் தாள். முதல் இரண்டு மாதம் கபாசோ எல்லாத் தாளிலும் ‘மோட்டார் இல்லை’ என்று எழுதி அனுப்பினார். எண் எழுத வேண்டிய கட்டத்தில் எண் மட்டுமே எழுதவும் என்று திரும்பி வந்தது. பூஜ்யம் என்று எழுதினார். காப்பு பூஜ்யம் என்றால் தொட்டவன் செத்துப்போவான் என்று அர்த்தம். இவ்வளவு ஆபத்தான மோட்டாரைச் சுற்றி ஏன் கயிறு கட்டவில்லை என்று சிவப்புத் தாளில் விளக்கம் கேட்டார்கள். வெறும் மேடையைச் சுற்றி அவர் கயிறு கட்டினார். கயிறு கட்டி மூன்று வாரமாகியும் ஏன் சரிசெய்யவில்லை என்று அடுத்த சிவப்புத் தாள் வந்தது.

கடைசியில் ஒரு மூன்றாம் திங்களன்று அவர் மின்காப்பை அளக்கும் மெகர் பெட்டியை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். மோட்டார் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வயர்களையும் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். முள் ஒரே ஓட்டமாகக் கடைசிக்கு ஓடி முடிவிலியில் நின்றது, அதாவது குறையே இல்லாத காப்பு. அதையே எழுதினார். தாள் திரும்பி வரவில்லை. அடுத்த திங்கள் அதிர்வு பார்த்தார். பூஜ்யம். அதிர்வில் பூஜ்யம் என்றால் அதைவிட நல்லது கிடையாது. வெப்பமானியை அங்கே பிடித்தார். பம்ப் ஹவுஸின் காற்று எவ்வளவு சூடோ அவ்வளவுதான், அரை டிகிரி கூட ஏறவில்லை. தூசி துடைத்தார். கிரீஸை நான்கு போல்ட்டுகளிலும் தடவினார்.

அவர் பொய் எழுதவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு திங்களும் போய் அளந்தார். கண்டதை எழுதினார். முதலில் சில மாதம் எழுதும்போது வெறும் மேடையைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார். அப்புறம் அது நின்றுபோயிற்று. எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

இரண்டாம் வருடம், மாகாணத்தின் இருநூற்றுப் பதினான்கு மோட்டார்களில் மிகச் சிறந்த உடல்நிலையில் இருப்பது சிபெம்பேயின் இரண்டாம் நம்பர் என்று இயக்குநரகம் அறிவித்தது. மூன்றாம் வருடமும் அதற்கே கிடைத்தது. தலைநகரில் விழா வைத்து, கண்ணாடி போட்ட சான்றிதழைக் கபாசோவிடம் கொடுத்தார்கள். இயக்குநர் ஹம்ஃப்ரி கதெபே நெடுநேரம் பேசினார். மற்ற ஊர் மோட்டார்கள் சத்தம் போடுகின்றன, சூடாகின்றன, தேய்கின்றன, ஒழுக்கமில்லாதவை என்றார். பராமரிப்பு முழுமை பெற்றால் ஒரு மோட்டார் எப்படி இருக்கும் என்பதற்கு சிபெம்பேயைப் பாருங்கள் என்றார். கபாசோ எழுந்து நின்றார். கைதட்டினார்கள். கோழிக்கறியும் உப்வாலிக் களியும் போட்டார்கள். அவர் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பினார்.

நான்காம் வருடம் மற்ற ஊர்களிலிருந்து பன்னிரண்டு காப்பாளர்களை இதைப் பார்த்துப் படித்துக்கொள்ள அனுப்பினார்கள். பன்னிரண்டு பேரும் மேடையைச் சுற்றி நின்றார்கள். கபாசோ வயர்களைப் பிடித்து மெகரைச் சுற்றிக் காட்டினார். சிலர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். கிளம்பும்போது வயதான ஒருவர் மட்டும் பின்தங்கி, கபாசோவின் காதருகே குனிந்து, எங்க ஊர்லயும் இப்படி ரெண்டு இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி ஒன்றாம் நம்பரின் கதை. ஊருக்குத் தண்ணீர் ஏற்றியது அதுதான், இரவும் பகலும் நிற்காமல். நின்று மூச்சுவிட அதற்கு ஒரு நாள் கூடக் கிடைக்கவில்லை. ஒன்றாம் நம்பரை நிறுத்தி கிரீஸ் மாற்ற வேண்டுமென்றால் அந்த நேரத்தில் இரண்டாம் நம்பர் ஓட வேண்டும் என்பது விதி. கபாசோ மாதாமாதம் நான்கு மணி நேரம் நிறுத்த அனுமதி கேட்டார். இரண்டாம் நம்பர் மிகச் சிறந்த நிலையில் இருப்பதால் அதை ஓட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பரைப் பராமரிக்கத் தடையில்லை என்று மாதாமாதம் பதில் வந்தது. ஓடும்போதே கிரீஸ் வைத்துவிடலாம் என்று ஒருமுறை கிரீஸ் கன்னைத் தூக்கினார். அந்த மாதம் பார்த்துப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஓடும் மோட்டாரை மனிதன் தொடலாகாது என்று சொல்லி, அதைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு போட்டுப் பூட்டினார். மோட்டார் நின்றால் கூண்டைத் திறக்கலாம் என்று கூண்டிலேயே எழுதி ஒட்டினார். சாவியைத் தலைநகருக்குக் கொண்டுபோய்விட்டார்.

அதிலிருந்து கபாசோ ஒரு நீளமான கம்பியை வலைக்குள் விட்டு, ஒரு முனையை மோட்டாரின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். ஐந்தாம் வருடம் மழை முடிந்த கையோடு சத்தம் மாறியது. யாரோ வாயில் மணலைப் போட்டு மெல்லுவது போல இருந்தது. எழுதி அனுப்பினார். காதால் கேட்டதை எழுதக் கட்டம் கிடையாது என்றார்கள். ஜூலையில் மோட்டாரின் ஒரு பக்கம் மட்டும் கொதித்தது. எழுதி அனுப்பினார். கூண்டுக்குள் இருக்கும் மோட்டாரின் சூட்டை எப்படி அளந்தீர்கள், விதியை மீறி உள்ளே போனீர்களா என்று சிவப்புத் தாள் வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆறாம் வருடம் அக்டோபரில், வெயில் தகரத்தை வளைத்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு ஒன்றாம் நம்பரின் பேரிங் இறுகி ஷாஃப்ட் நின்றது. கபாசோ ஓடிப்போய் ஸ்விட்சை இறக்குவதற்குள் காயில் எரிந்து புகை வந்துவிட்டது. எரிந்த வார்னிஷ் நாற்றம் வீதி வரைக்கும் போயிற்று. அவர் அலுவலக போனை எடுத்து இயக்குநரகத்தைக் கூப்பிட்டார்.

“அப்ப ரெண்டாம் நம்பரை ஓட்டுங்க,” என்றார் அங்கிருந்த அதிகாரி.

“ரெண்டாம் நம்பர் இல்லீங்க சார்.”

“இல்லைன்னா எப்படி? போன மாசம் காப்பு முடிவிலின்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“அளந்து பாத்துத்தானே எழுதினீங்க?”

“அளந்துதான் எழுதினேன்.”

“அப்புறம் என்ன. ஓட்டுங்க,” என்று போனை வைத்துவிட்டார்.

மேல்தொட்டியில் இருந்த தண்ணீர் ஒன்றரை நாள் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து பெண்கள் ஊரை ஒட்டிய சுரங்கத்தின் கழிவு மண்மேட்டுக்குக் கீழே ஓடும் லூசிலி ஓடையில் இறங்கி மொண்டார்கள். எட்டாம் நாள் வயிற்றுப்போக்கு தொடங்கியது. கபாசோவின் மனைவி பெலிஸ்டாஸ் ஊர் கிளினிக்கில் துப்புரவு வேலை பார்த்தாள். அங்கே இருந்த ஆறு கட்டிலிலும் குழந்தைகளை இரண்டிரண்டாகப் படுக்க வைத்திருந்தார்கள். பதினோராம் நாள் அடுத்த வீட்டு ரோஸ்வினின் இரண்டு வயதுப் பிள்ளை கசுபா செத்துப்போயிற்று. அந்தப் பிள்ளை படுத்திருந்த துணியைப் பெலிஸ்டாஸ்தான் அலச வேண்டியிருந்தது. அதை அலசவும் ஓடைத் தண்ணீர்தான்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து உப்வாலி கிளறினாள். காபெந்தா கருவாடு வறுத்தாள். பிள்ளைகள் தின்றார்கள். கபாசோவும் தின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அழ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, அழுகை வரவில்லை. கை கழுவ எழுந்தவர் பழக்கத்தில் குழாயைத் திறந்தார். அது காற்றை ஊதியது. மூடினார்.

பன்னிரண்டாம் நாள் இயக்குநர் கதெபே நேரிலேயே வந்தார். இரண்டு கார், நான்கு அதிகாரிகள், ஐஸ் பெட்டியில் பாட்டில் தண்ணீர். பின்னால் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு பியூட்டி என்ற பெண்மணி. பதிவேட்டுப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவள். கூண்டுக்குள் கருகிக் கிடந்த ஒன்றாம் நம்பரை இயக்குநர் தாண்டிப் போனார். கெட்டுப்போன மோட்டார் பழுதுத் துறையைச் சேர்ந்தது, கெடாமல் இருப்பவை மட்டும்தான் தன்னுடையவை என்று விளக்கினார். இரண்டாம் நம்பரின் மேடைக்கு முன்னால் போய் நின்றார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதிகாரிகளும் நின்றார்கள். ஓடாத பம்ப் ஹவுஸில் ஈக்களின் சத்தம் கேட்டது.

“சார், நீங்களே பாருங்க,” என்றார் கபாசோ.

இயக்குநர் திரும்பினார். அவருக்குக் கோபம் வரவில்லை. சொல்லிக்கொடுக்கும் குரலில் பேசினார்.

“கபாசோ, நான் இருபத்தாறு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். கண்ணால பாத்ததை நம்பி ஒரு முடிவுகூட எடுத்ததில்ல. எடுத்திருந்தா இந்த நாற்காலிக்கு வந்திருப்பேனா? கண்ணு என்ன பண்ணும், இன்னிக்கு ஒண்ணு காட்டும், நாளைக்கு ஒண்ணு காட்டும். பதிவேடு அப்படி மாறாது. இந்த மோட்டார் நல்லா இருக்குன்னு மாசத்துக்கு ஒரு தொகுப்புத் தாளா நூத்தெட்டு தாள் இருக்கு. அதுல பாதிக்கு மேல உங்க கையெழுத்து, எல்லாத்துலயும் என் கையெழுத்து. இப்ப நான் இங்க நின்னு இல்லைன்னு சொன்னா என்ன ஆகும்? நூத்தெட்டு தடவை நான் எதுல கையெழுத்துப் போட்டேன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி அது. எங்கிட்ட பதில் இல்ல. பதில் இல்லாத கேள்வி வரவிடாம பாத்துக்கறதுதான் முன்தடுப்பு.”

அதிகாரிகள் தலையாட்டினார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார்.

“புள்ளைங்க சாவுது சார்,” என்றார் கபாசோ.

“கேள்விப்பட்டேன். மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அது சுகாதாரத் துறை.”

போகும்போது இயக்குநர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழின் கண்ணாடியில் தூசி இருப்பதைக் காட்டித் துடைக்கச் சொன்னார். அங்கேயே நின்றபடி ஆய்வுக் குறிப்பைச் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதினார். இரண்டாம் நம்பர் மோட்டார் மிகச் சிறந்த நிலையில் உள்ளது, அதை இயக்கக் காப்பாளருக்குத்தான் மனமில்லை என்று குறிப்பு முடிந்தது.

அதில் கபாசோவின் கையெழுத்தை வாங்க பியூட்டியை விட்டுவிட்டு மற்றவர்கள் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பியூட்டி பதிவேட்டை மேடையின் மேல் வைத்தாள். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘பா’ சேர்த்து மெதுவாகப் பேசினாள்.

“பா கபாசோ, எங்க குடோன்ல புது மோட்டார் ஒண்ணு பெட்டி பிரிக்காம கிடக்கு. இதே சைஸ். ரெண்டு வருஷமா அந்தப் பெட்டி மேலதான் நான் சாப்பாட்டை வச்சுத் திங்கறேன்.”

“அதை அனுப்பச் சொல்லுங்கம்மா.”

“எங்க வைக்கறது? பதிவேட்டுல உங்க ரெண்டு மேடையும் நிரம்பிக் கிடக்கு. ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு. இன்னொண்ணு நல்லா இருக்கு.”

“ஓடினதுதான் எரிஞ்சு போச்சே.”

“எரிஞ்ச சேதி பழுதுத் துறைக்குப் போய்ச் சேர மார்ச் ஆகும். அதுவரைக்கும் அது ஓடுது.” அவள் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். “நான் சொல்றதைக் கேளுங்க. பதிவேட்டுல ஒரு மோட்டார் இல்லாம போக முடியாது. கெட்டுத்தான் போக முடியும். கெடணும்னா அதை யாராவது கெடுத்திருக்கணும். காப்பாளர் கவனக்குறைவால ரெண்டாம் நம்பர் எரிஞ்சு போச்சுன்னு ஒரு தாள் வந்தா, அந்த மேடை அன்னிக்கே காலி. காலி மேடைக்கு மூணு நாள்ல மோட்டார் குடுத்தாகணும், அது விதி.”

கபாசோ தாளைப் பார்த்தார். அவருடைய பெயர் ஏற்கனவே டைப் அடித்திருந்தது.

“கோவிச்சுக்காதீங்க,” என்றாள் பியூட்டி. “நேரம் மிச்சமாகட்டும்னு நானே அடிச்சுட்டேன். எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்கு.”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பெலிஸ்டாஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“கையெழுத்துப் போட்டா வேலை போயிடுமா, பாஷி மும்பி?”

மூத்த பெண் மும்பியின் பெயரை வைத்து, மும்பியின் அப்பா என்றுதான் அவள் அவரைக் கூப்பிடுவாள். போய்விடும் என்றார்.

“வீடும்?”

“வீடும்தான்.”

“பேரு கெட்டுப்போகும்.”

“ம்.”

அவள் சாம்பலைக் கிளறினாள். அப்புறம், “இன்னிக்கு இன்னும் நாலு பேரைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. கட்டில் இல்ல, தரையில படுக்க வச்சிருக்கோம்,” என்றாள். எழுந்துபோய் மும்பியின் பள்ளிக்கூடப் பையிலிருந்து பேனாவை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

‘மோட்டார் பழுதான விதம்’ என்று படிவத்தில் பாதிப் பக்கம் விட்டிருந்தார்கள். ஆறு வருடத்தில் எண் எழுதாமல் வாக்கியம் எழுதக் கிடைத்த முதல் கட்டம் அது. இல்லாத மோட்டார் எப்படி எரியும் என்று அவருக்குத் தெரியாது. ஒன்றாம் நம்பர் எப்படி எரிந்தது என்று தெரியும். அதை எழுதினார். எத்தனை மாதம் கிரீஸ் வைக்காமல் பேரிங் காய்ந்தது, எந்த மாதம் மணல் மெல்லும் சத்தம் வந்தது, எந்தப் பக்கம் கொதித்தது, எந்த நேரம் ஷாஃப்ட் இறுகியது, ஒன்றையும் விடவில்லை. இடம் பற்றாமல் பின்பக்கத்திலும் எழுதினார். அபாயம் என்று இதையே எழுதி அனுப்பியபோதெல்லாம் திரும்பி வந்தது. இப்போது குற்ற ஒப்புதலாக எழுதியபோது ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். மிகத் தெளிவான அறிக்கை என்று ஓரத்தில் பச்சை மையில் குறிப்பும் எழுதியிருந்தார்களாம், பியூட்டி பிறகு சொன்னாள்.

நான்காம் நாள் தலைநகரில் விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் கதெபேயின் முகம் வாடியிருந்தது. அறிக்கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நடிப்பு இல்லை, மனிதர் உண்மையிலேயே துக்கத்தில் இருந்தார்.

“இப்படி ஒரு மோட்டார் இந்த மாகாணத்துல இனிமே வராது,” என்றார். “ஒன்பது வருஷம். ஒரு புகார் உண்டா? ஒரு செலவு உண்டா? அதை நான் போய்ப் பாக்கணும்னு அவசியமே வந்ததில்ல, அப்படிப்பட்ட மோட்டார். திங்களன்னிக்கு அதுக்கு முன்னால நின்னேனே, அப்பக்கூட ஒரு குறை கண்டுபிடிக்க முடியல. அதைப் போய் கிரீஸ் இல்லாம எரிச்சிருக்கீங்க. உங்களுக்கு எப்படி மனசு வந்தது?”

சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று மேசையிலிருந்த இன்னொருவர் கேட்டார்.

“புது மோட்டார் எப்ப வரும் சார்?”

“அது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது,” என்றார் அவர். “நீங்க இப்ப காப்பாளர் இல்ல.”

புது மோட்டார் வெள்ளிக்கிழமை லாரியில் வந்தது. அதற்கு முன்னால் ஒரு சிக்கல். எரிந்துபோன இரண்டாம் நம்பரின் உடலை ஒப்படைத்தால்தான் புதியதை இறக்க முடியும் என்றான் லாரியோடு வந்த மேஸ்திரி. எரிந்த உடல் ஒன்றாம் நம்பரிடம்தான் இருந்தது. கூண்டின் சாவியோ தலைநகரில் இருந்தது. மோட்டார் நின்றுவிட்டதாகப் பதிவாகும்வரை சாவி வராது. வேலையாட்கள் கூண்டின் பின்பக்க வலையை அறுத்து, எரிந்ததை வெளியே இழுத்து, வலையைக் கம்பியால் தைத்துவிட்டார்கள். எரிந்ததை இரண்டாம் நம்பர் என்று சாக்கட்டியில் எழுதி லாரியில் ஏற்றினார்கள். புதியதை மேடையில் இறக்கினார்கள். போல்ட்டுகளில் ஒரு பொட்டுத் துரு இல்லை என்று மேஸ்திரி ஆச்சரியப்பட்டான். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் வந்தது. முதலில் சிவப்பாக வந்தது, அப்புறம் தெளிந்தது. வீதியெல்லாம் பெண்கள் குலவையிட்டார்கள். கிளினிக்கில் பெலிஸ்டாஸ் தரையை மூன்று தடவை கழுவினாள்.

திங்களன்று ஊர் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். இத்தனை நாள் தண்ணீர் நின்றதற்குக் காரணம் மோட்டார் காப்பாளர் கெர்ஷம் கபாசோவின் கவனக்குறைவு, குற்றத்தை அவரே கைப்பட எழுதி ஒப்புக்கொண்டார், அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார் என்று அதில் இருந்தது. லாபானும் நானும் இன்னும் சிலரும் அது அப்படியில்லை என்று சொல்லிப் பார்த்தோம். பலகையில் கண்ணாடிக்குள் இருக்கும் தாளுக்கு முன்னால் எங்கள் பேச்சு எடுபடவில்லை.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்து, சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறைக்கு மாறினார்கள். அங்கே தெருக்குழாய்தான். ஒரு காலை பெலிஸ்டாஸ் வரிசையில் வாளியை வைத்தபோது அவளுக்கு முன்னால் ரோஸ்வின் நின்றிருந்தாள். ரோஸ்வின் திரும்பிப் பார்த்தாள். தன் வாளியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். பெலிஸ்டாஸ் தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்தாள்.

“நான் அவகிட்ட போய்ச் சொல்லப்போறேன்,” என்றாள் புருஷனிடம்.

“என்னன்னு சொல்லுவ?”

“நீங்க எரிக்கலன்னு.”

“அப்ப யாரு எரிச்சான்னு கேப்பா. யாரும் எரிக்கல, மோட்டாரே இல்லன்னு சொல்லுவியா? யாருமே பண்ணாததுக்குப் புள்ள செத்துச்சுன்னா அவ எங்க போய் முட்டிக்குவா?” என்றார் கபாசோ. “எம்மேல இருக்கட்டும், விடு.”

இதைச் சொல்லும்போதும் அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. மூன்றாம் திங்கள் காப்பை அளந்து எழுதிய அதே குரல்.

பம்ப் ஹவுஸுக்குப் புதுக் காப்பாளர் வரவில்லை. பதிவேட்டின்படி இரண்டாம் நம்பர் அழிந்துவிட்டது, எனவே அதன் திங்கள்கிழமைகளும் அழிந்துவிட்டன. ஒன்றாம் நம்பர் பூட்டிய கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தொடக்கூடாது. புது மோட்டார் தற்காலிக ஒதுக்கீடு என்ற பெயரில் வந்ததால் அதற்கு நம்பர் கிடையாது. நம்பர் இல்லாததற்குப் பராமரிப்பு அட்டவணை கிடையாது. ஆகவே அங்கே ஆளுக்கு வேலை இல்லை என்று காப்பாளர் பணியிடத்தையே ரத்து செய்துவிட்டார்கள். ஸ்விட்சைப் பார்த்துக்கொள்ளும்படி லாபானிடம் வாயால் சொல்லியிருந்தார்கள்.

கபாசோ சந்தையில் லாரி மெக்கானிக்குகளிடம் கூலிக்குப் போனார். ஒன்றரை மாதம் கழித்து, மழை தொடங்கிய பின் ஒரு திங்கள்கிழமை, ஒரு டப்பாவில் கிரீஸும் இரவல் வாங்கிய கிரீஸ் கன்னுமாகப் பம்ப் ஹவுஸ் கேட்டில் வந்து நின்றார். லாபான் கொஞ்சம் தடுமாறினார். வேலைநீக்கம் செய்யப்பட்ட ஊழியரை உள்ளே விடக்கூடாது என்று தாள் வந்திருந்தது. வெளியாட்களை விடலாம், ஆனால் வருகைப் புத்தகத்தில் காரணம் எழுத வேண்டும்.

“நீங்க இப்ப ஊழியர் இல்லையே, முடாலா,” என்று லாபான், பெரியவர்களை அழைக்கும் அந்தச் சொல்லோடு, தனக்குத்தானே கணக்குப் போட்டுச் சொன்னார். “வெளியாள்தானே?”

“வெளியாள்தான்.”

லாபான் புத்தகத்தைத் திறந்தார். காரணத்துக்கு மூன்று கட்டம் அச்சடித்திருந்தது. அலுவல், சரக்கு, உறவினர். எதில் குறிப்பது என்று கேட்டார். அலுவல் என்று போட முடியாது, சரக்கும் இல்லை. கபாசோ மழையில் நின்றுகொண்டு யோசித்தார். லாபான் தானே மூன்றாவது கட்டத்தில் குறியிட்டுவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கபாசோ முதலில் கம்பியை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார். சுத்தமான சத்தம். கிரீஸ் வைக்கும் முளையைத் துணியால் துடைத்தார். அளவோடு, நான்கே அழுத்து, கிரீஸை உள்ளே விட்டார். வழிந்ததை வழித்தெடுத்தார். அப்புறம் உள்ளங்கையை மோட்டாரின் முதுகில் வைத்தார். அது சூடாக இருந்தது, லேசாக நடுங்கியது. ஆறு வருடம் வெறும் காற்றில் பிடித்த கை அது. எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.